பிடித்த பிரேக் விடவில்லை!

போன் அலறியது!

காலை ஒன்பதே கால். மெக்கானிக் ஷெட்டில் ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பயப்பட வேண்டாம்… அது பிணம் இல்லை. பிணம் வேறு இடத்தில் இருக்கிறது. இவர் மெக்கானிக்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கிளிக்'. எந்தக் காரின் ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தாலும் லீவரை இழுத்து, காதைச் சாய்த்து, கிளிக்… கிளிக்… என்று எண்ணுவார். எண்ணி முடித்துவிட்டு, "நாலாவது கிளிக்குல மலையையே பிடிச்சு நிறுத்தும் சார்!" என்று அளந்துவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

"என்னங்க… போன்!" என்றாள் மனைவி. அந்த ஷெட்டின் வரவேற்பு, நிர்வாகம், சண்டைக்கு வரும் கஸ்டமரைச் சமாதானம் செய்யும் பிரிவு, மூன்றுமே அவள்தான்.

"நீயே எடு. வண்டி கேட்டா நாளைக்குன்னு சொல்லு."

"எந்த வண்டின்னு கேக்க வேண்டாமா?"

"எந்த வண்டியா இருந்தாலும் நாளைக்குத்தான்!"

எடுத்தாள். கேட்டாள். முகம் வெளுத்தாள்.

"போலீஸுங்க… இன்ஸ்பெக்டர் பேசறாரு!"

வெளியே நீட்டியிருந்த கால்கள் இரண்டும் சரேலென்று உள்ளே போய்விட்டன.

"இல்லைன்னு சொல்லு!"

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்…"

போனிலிருந்து ஒரு கனத்த குரல் சிரித்தது. "வெளிய வாய்யா. நேத்து கான்ட்ராக்டர் வண்டிக்கு ஹேண்ட்பிரேக் பார்த்தது நீதானே?"

கிளிக் தலையை மட்டும் நீட்டினார். வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தானாகவே நெஞ்சு நிமிரும்.

"நான்தான் சார். நாலாவது கிளிக்குல…"

"நாலாவது கிளிக்குல கான்ட்ராக்டர் செத்துட்டாரு. உடனே கிளம்பி வா!"

* * *

கான்ட்ராக்டரின் வீடு மேட்டில் இருந்தது. போர்ட்டிகோவிலிருந்து இரும்பு கேட் வரை முப்பதடிக்குச் சிமெண்ட் சரிவு. அந்தச் சரிவின் அடியில், கேட்டில் மூக்கை இடித்துக்கொண்டு சாம்பல் நிறக் கார் நின்றது.

கேட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கை. அந்தக் கையில் இன்னும் பூட்டு இருந்தது!

கூடவே வந்திருந்த மனைவி கிளிக்கின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். 'நீங்க வாயைத் திறந்தா மாட்டிக்குவீங்க, நானும் வரேன்' என்று சொல்லி வந்தவள்… இப்போது அவளுக்கே வாய் எழவில்லை.

இறந்தவரைப் பற்றி இரண்டு வரி. பாலம் கட்டும் கான்ட்ராக்டர். கடைசியாகக் கட்டிய பாலம் திறப்பு விழாவுக்கு முதல் நாளே விழுந்தது. 'அன்னைக்குக் காத்து பலமா இருந்துச்சு' என்று பேட்டி கொடுத்தவர். சம்பளம் வராமல் வாட்ச்மேன் ஓடிப்போனதால், தினமும் காலை ஏழரைக்கு அவரே இறங்கிப் போய் கேட்டைத் திறப்பது வழக்கம். இன்றும் அப்படித்தான் போனார்… திரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தடவியபடி வந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் கேஸை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. குற்றவாளி கிடைத்தால் சந்தோஷம்… கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவன்.

"ரொம்ப சிம்பிள் கேஸ்யா. வண்டி மேல நின்னுது. ஹேண்ட்பிரேக் போட்டபடியே இருக்கு. ஆனா வண்டி உருண்டு வந்து முதுகுல இடிச்சிருக்கு. அப்படின்னா ஹேண்ட்பிரேக் பிடிக்கல. பிடிக்க வைக்க வேண்டியவன் யாரு?"

"நான்தான் சார்… ஆனா…"

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. அஜாக்கிரதையால் மரணம். ஜீப்ல ஏறு!"

"ஐயோ!" என்று அலறினாள் கிளிக்கின் மனைவி. "ஒரு தடவை வண்டியைப் பார்க்கவாவது விடுங்க சார்!"

போர்ட்டிகோ நாற்காலியில் கான்ட்ராக்டரின் மனைவி அழுது அழுது சோர்ந்து கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி. கான்ட்ராக்டரின் மச்சினன். விழுந்த பாலத்துக்கு சூப்பர்வைசர் வேறு!

இவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஒத்தை ஸ்டார்'. சாப்பிட்ட ஓட்டல், ஏறிய டாக்ஸி, பல் பிடுங்கிய டாக்டர்… எல்லோருக்கும் போனில் ஒரே ஒரு ஸ்டாரைத் தட்டிவிட்டு, கீழே அரைப் பக்கத்துக்குக் குறையும் எழுதுவான். எழுதாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும்.

"என்னத்தைப் பார்க்கறது?" என்று எகிறினான் அவன். "நேத்து சாயங்காலம் வண்டியை விட்டப்ப நானும் பக்கத்துலதானே நின்னேன்? 'ஹேண்ட்பிரேக்கை இறக்கிட்டா ஒரு விரலால தள்ளினாப் போதும், ஓடும்'னு மாமாகிட்ட பீத்தினியே! ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம், போலீஸ் வர ஒரு மணி நேரம், மெக்கானிக் இந்த லட்சணம்… இந்த ஊர்ல எதுதான் உருப்படி?"

"வண்டி இடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாடியில குளிச்சிட்டு இருந்தேன். வென்னீர்கூட ஒழுங்கா வரல."

"நீங்கம்மா?"

"சமையல்கட்டுல மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு…" என்று தேம்பினாள் அக்கா. "அலறல் சத்தம்தான் கேட்டுச்சு… ஓடி வந்தேன்… எல்லாம் முடிஞ்சிருச்சு!"

* * *

கிளிக் காருக்குள் தலையை விட்டார். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஹேண்ட்பிரேக் லீவர் மேலேதான் இருந்தது. இறக்கினார். மறுபடி இழுத்தார்.

ஒன்று… இரண்டு… நாலு… எட்டு… பதினொன்று!

துளிக்கூடக் கனம் இல்லை. லீவர் சும்மா வானத்தைப் பார்த்து எழும்பியது.

லீவருக்கு அடியிலிருந்த ரப்பர் உறையைத் தூக்கினார். உள்ளே பின் சக்கரங்களுக்குப் போகும் கேபிளை இழுத்துப் பிடிக்கும் நட்டு. பார்த்தார்… பதறினார்.

"சார்! இந்த நட்டை நேத்து நான் பாதி மரை வரைக்கும் முடுக்கி வச்சேன். இப்ப கடைசி மரையில தொங்குது! ஓரமெல்லாம் நசுங்கியிருக்கு. ஸ்பேனர் போடத் தெரியாத எவனோ கொறட்டால பிடிச்சுத் திருகியிருக்கான்!"

"தானா கழண்டிருக்கும்."

"ஒரு ராத்திரியில நட்டு தானா இவ்வளவு தூரம் நடக்குமா சார்?"

"என் கேஸ்ல நடக்கும்!"

கான்ஸ்டபிள் ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஐயா… தரையில ரெண்டு கறுப்புக் கோடு இருக்குதுங்க. டயர் தேய்ஞ்ச மாதிரி…"

"வண்டியை நிறுத்த பிரேக் போட்டிருப்பாங்கய்யா."

"உள்ளதான் யாருமே இல்லையேய்யா… யாரு போட்டிருப்பாங்க?"

"யோவ்! நீ இன்ஸ்பெக்டரா, நான் இன்ஸ்பெக்டரா?"

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேலதிகாரி. இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு மாமரத்தடிக்கு ஒதுங்கினார்.

கிளிக்குக்கு ரோஷம் தலைக்கேறியது. நட்டு போகட்டும்… தன் வேலை சுத்தம் என்று காட்டினால் போதாதா? டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். காரின் பின்பக்கத்தைத் தூக்கினார். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. லீவரை இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

சக்கரம் சுற்றவில்லை!

இரண்டு கையையும் போட்டுச் சுற்றினார். அசையவில்லை. அடுத்த பக்கம் ஓடினார். அதுவும் அப்படியே!

மடமடவென்று ஜாக்கியை இறக்கிவிட்டார் கிளிக்.

ஏன் இறக்கினார்? இங்கேதான் நம்ம ஹீரோவின் யோக்கியதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கார் வந்தபோது அதற்கு இரண்டு வியாதி. ஹேண்ட்பிரேக் போட்டால் பிடிக்காது. பின் பிரேக் ஒரு தடவை பிடித்தால் சரியாக விடாது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதோடு சுற்றும் ட்ரம்மைத் திறந்து, உள்ளே அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் ஷூக்களைச் சுத்தம் செய்து, முதலில் அவற்றைச் சரியான இடைவெளியில் வைக்க வேண்டும். துருப்பிடித்த கேபிளை மாற்ற வேண்டும். லீவருக்கு அடியில் இருக்கும் நட்டைத் தொடுவது கடைசி வேலை. நியாயமாகப் பார்த்தால் அரை நாள் ஆகும்.

கிளிக் பத்து நிமிடத்தில் முடித்தார்.

ட்ரம்மைத் திறக்கவே இல்லை. கடைசியில் தொட வேண்டிய நட்டை முதலில் தொட்டு, முடுக்கோ முடுக்கென்று முடுக்கினார். லீவர் நாலாவது கிளிக்கில் கல்லாக நின்றது. "ரெண்டு ட்ரம்மையும் கழட்டி உள்ள பளபளன்னு ஆக்கிட்டேன் சார்" என்று கூசாமல் சொன்னார். கான்ட்ராக்டர் நம்பினார்… பாலம் கட்டுகிறவருக்கு அடுத்தவன் வேலையில் சந்தேகம் வருமா என்ன!

"என்னங்க…" மனைவி காதருகில் கிசுகிசுத்தாள். "வீல் சுத்தலையே?"

"கத்தாதே!"

"ட்ரம்மைக் கழட்டலையா?"

"கொஞ்சம்… கழட்டல."

"கொஞ்சம் கழட்டலைன்னா?"

"சுத்தமாக் கழட்டல! போதுமா? கேபிளுக்குள்ள துரு. இழுத்தா போகும், திரும்பி வராது. நேத்து இங்க நிறுத்திட்டு, கான்ட்ராக்டர் பார்க்கட்டுமேன்னு லீவரை வேகமா ஒரு இழுப்பு இழுத்தேன். ரெண்டு ஷூவும் ட்ரம்மைக் கவ்விருச்சு. இனி நட்டைக் கழட்டினாலும் விடாது. வெளிய சொல்லாதே, மானம் போயிடும்!"

அவள் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஏங்க… வீலே சுத்தாதுன்னா, வண்டி எப்படிங்க தானா உருண்டுச்சு?"

கிளிக் நின்றார். குனிந்து தரையைப் பார்த்தார். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை… இரண்டு கறுப்புக் கோடுகள். பின் டயர்கள் சுற்றாமல் தரையில் இழுபட்ட கோடுகள்!

"உருளலடி…" அவர் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "முன் வீல்தான் இதுல இழுக்கற வீலு. எவனோ இன்ஜினைப் போட்டு, இழுத்துக்கிட்டு வந்து இடிச்சிருக்கான்… கொலைடி இது!"

"அப்ப நீங்க தப்பிச்சீங்க! போய்ச் சொல்லுங்க!"

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்!"

"சொன்னா, ட்ரம்மைக் கழட்டலைன்னும் சொல்லணுமே! இருபத்திரண்டு வருஷம்டி! இன்னைக்கு வரைக்கும் ஒரு கஸ்டமர்கிட்ட 'என் தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. ரோடு சரியில்லைன்னு சொல்லியிருக்கேன், பெட்ரோல் சரியில்லைன்னு சொல்லியிருக்கேன்… என் வேலை சரியில்லைன்னு எப்படி…"

"ஜெயில் கதவைச் சாத்தினாலும் கிளிக்னு சத்தம் வரும். உள்ள உக்காந்து அதை எண்ணிக்கிட்டே இருங்க!"

சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள். வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது. இந்த மனுஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் தனியாக அந்த ஷெட்டில் எப்படி உட்காருவது என்ற பயம். கிளிக்குக்கு அந்த அழுகை தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு விலங்கோடு வந்தார்.

"ம்… கையை நீட்டு!"

கிளிக் போர்வையைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் அந்தக் கைதான் அவர் தோளைத் தட்டியது. 'உன்னை நம்பித்தான்யா வண்டியை விட்டேன்' என்று சொன்னது.

"சார்… ஒரு விஷயம் சொல்லணும்."

"ஸ்டேஷன்ல சொல்லு."

"இங்கயே சொல்றேன் சார்! எல்லாரும் கேக்கட்டும்!" கண்ணை இறுக மூடிக்கொண்டார். "என்… என் வேலை… சரியில்ல சார்!"

அடக்க முடியாமல் ஒரு விக்கல் வந்தது அவருக்கு.

"ட்ரம்மைக் கழட்டவே இல்ல. ஷூவைத் தொடவே இல்ல. நட்டை மட்டும் முடுக்கி ஏமாத்தினேன். இங்க ஓட்டிட்டு வரும்போதே பின்னாடி கருகின வாடை வந்துச்சு… ஜன்னல் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டேன்! ரெண்டு பின் வீலும் கவ்விப் பிடிச்சிருக்கு சார். இந்த வண்டி தானா உருளவே உருளாது. வேணும்னா தள்ளிப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று தானே பார்த்தார். இருந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். கேட்டை வெளிப்பக்கமாகத் திறந்துவிட்டு, நாலு கான்ஸ்டபிள்கள் முன்பக்கமாக வந்து பின்னோக்கித் தள்ளினார்கள். பின்பக்கமாகப் போய்க் கேட்டை நோக்கித் தள்ளினார்கள். சரிவில் நின்றும் கார் அசையவில்லை.

"கோடு மேல இருந்தே வருதுங்கய்யா…" என்றார் முன்பு கோட்டைக் காட்டிய கான்ஸ்டபிள், மேலே பார்த்தபடி.

"அதை அப்பவே சொல்றதுக்கு என்னய்யா?" என்று அவர்மேல் பாய்ந்தார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் அது நடந்தது.

போர்ட்டிகோவிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான் ஒத்தை ஸ்டார். முகம் சிவந்திருந்தது. நேராக கிளிக்கின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ட்ரம்மைக் கழட்டவே இல்லையா?"

"இல்ல…"

"வெக்கமா இல்ல? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? 'ஒரு விரலால தள்ளினா ஓடும்'னு எங்க முன்னாடியே சொன்னியேடா! ஒரு விரலா? முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்… காலை உதைச்சுத் தள்ளினேன்… என் இடுப்பே பிடிச்சுக்கிச்சு! ஒரு இன்ச் நகரல! கடைசியில நானே ஏறி இன்ஜினைப் போட்டு…"

நிறுத்தினான்.

நாலு கான்ஸ்டபிள்களும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"…போட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர், மிக மிக மரியாதையாக.

ஒத்தை ஸ்டாரின் கை காலரிலிருந்து தானாக வழுக்கியது.

"இல்ல… நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"நீங்கதான் மாடியில குளிச்சிட்டு இருந்தீங்களே தம்பி?"

அக்கா எழுந்து நின்றாள். கண்ணீர் காய்ந்துவிட்டது. "டேய்… என்னடா சொல்றே? என் புருஷனையாடா?"

ஒத்தை ஸ்டார் உடைந்தான். "பின்ன என்னக்கா? பாலம் விழுந்த விசாரணை இன்னைக்குத்தான் பத்து மணிக்கு. 'சிமெண்டுல மண்ணைக் கலந்தது என் மச்சினன்'னு எழுதிக் கொடுக்கப் போறேன்னு நேத்து மாமா என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு! கலக்கச் சொன்னதே அவருதான்! அதான் விடியறப்ப நட்டைக் கழட்டி வச்சேன். அவரு கேட்டுக்கிட்ட போனதும் ஒரு தள்ளு தள்ளிவிட்டா… ஆக்ஸிடெண்ட். மெக்கானிக் உள்ள போவான். எவ்வளவு நல்ல பிளான்! அந்தக் கேட்டுப் பூட்டு திறக்க மாட்டாம திணறிட்டு இருந்தாரு, இங்க வண்டி நகர மாட்டேங்குது. எனக்கு வேற வழி? இன்ஜினைப் போட்டு இடிச்சிட்டு, நியூட்ரலாக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வச்சுட்டு ஓடினேன். இவன் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா நான் கொலைகாரனாகியிருப்பேனா? வண்டி தானா உருண்டிருக்கும்! சார், முதல்ல இவன்மேல கம்ப்ளெயிண்ட் எழுதுங்க!"

அக்கா அவனை ஓங்கி அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை.

விலங்கு கை மாறியது. ஜீப்பில் ஏறும்போதும் ஒத்தை ஸ்டார் ஓயவில்லை. விலங்கு இறுக்குகிறது, சீட்டு கிழிந்திருக்கிறது, ஜன்னல் சரியாக மூடவில்லை என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டே போனான்.

இன்ஸ்பெக்டர் மணியைப் பார்த்தார். பதினொன்றரை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கேஸ் முடிந்ததில் அவருக்குப் பரம திருப்தி. "நான் முதல்லயே சந்தேகப்பட்டேன்யா" என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

கிளிக்கும் மனைவியும் தெருவில் நடந்தார்கள். அவள் கால் தரையில் படவில்லை. அவரோ தலையைக் குனிந்தபடி, ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

"அதான் தப்பிச்சாச்சே! அப்புறம் ஏங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க?"

"இல்லடி… பயமா இருக்கு."

"இன்னும் என்ன பயம்?"

"நேத்து அந்த வண்டி வந்தப்ப, சரி, இன்னைக்கு ஒரு நாளாவது ட்ரம்மைக் கழட்டி ஒழுங்கா வேலை பார்ப்போமேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு."

"அப்புறம்?"

"நல்லவேளை, சோம்பேறித்தனம் வந்து காப்பாத்திச்சு… ஒழுங்காப் பார்த்துத் தொலைச்சிருந்தேன்னா இந்நேரம் அந்த ஜீப்புல நான்!"